கடவுச்சொல்லும் கைநாட்டும்

புதுக்கோட்டைக்கு மேற்றிசையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள குடுமியான்மலைக்குச் சென்றோர், அங்குக் குடைவரைக் கோயிலின் அருகே பாறையிற் பொறிக்கப்பெற்ற இசைக் கல்வெட்டைக் கண்டிருப்பர். ஏழாம் நூற்றாண்டினதென்று அறிஞர் கொள்ளும் அக்கல்வெட்டு, ஏழு பகுதிகளாய் அமைந்து, சுரங்களைக் குறிக்கும் எழுத்துக்களை அ, இ, உ, எ என்னும் உயிர்களோடு கூட்டி நிரல்பட நிறுத்திக் காட்டுகின்றது. எழுத்துக்கள் உள்ளன, படிப்பாரும் உளர். எனினும் அவ்வுயிர் வேறுபாடுகள் இசையில் எவ்வெவற்றைக் குறித்தன என்பதில் அறிஞர் இன்றும் ஒருமனப்பட்டாரல்லர். கல் நிலைத்தது, எழுத்தும் நிலைத்தது, அதனைத் திறக்கும் குறிப்பு மட்டும் அஃது அறிந்தாரோடு மறைந்தது.

பொருள் கண்முன் இருப்பவும், திறவுகோல் இன்மையால் அதனை இழந்து நிற்கும் இந்நிலை, இக்காலத்தில் கைபேசியின் கடவுச்சொல்லை மறந்தார் எவர்க்கும் நேர்கின்றது. இஃது எளிய பொருளன்றோ, கலாசாலை மலரில் எழுதத்தக்கதோ எனச் சிலர் நகைக்கலாம். எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கேட்டபின் அங்ஙனம் நகையார் என நம்புகின்றோம்.

எம் அப்பத்தா இளமையில் கல்லுடைத்துக் குடும்பம் நடத்தியவர். 1991ஆம் ஆண்டில் எம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபொழுது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார். அந்நாளில் மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், தொண்டர் பலர் ஊர்தோறும் சென்று முதியோர்க்கு எழுத்தறிவித்தனர். மகளிர் பலர் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் அம்மகளிரைப்பற்றி எழுதினமையால், அச்செய்தி நாடெங்கும் பரவிற்று. பகலெல்லாம் சம்மட்டி பிடித்த அப்பத்தாவின் கை, அந்நாட்களில் இரவில் சிலேட்டுக்குச்சி பிடித்தது. முதன்முறை ஓர் அலுவலகத்தில் தம் பெயரை எழுத நேர்ந்தபொழுது, பழக்கத்தால் தம்முன் நகர்த்தப்பட்ட மைப்பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கினார் என்பது எம் குடும்பத்தார் அனைவரும் அறிந்த கதை. அன்றுமுதல் அவர் எந்தத் தாளிலும் கைநாட்டு வைத்திலர்.

சென்ற ஆண்டு அவருடைய கைபேசியின் திரை உடைந்தது. புதியதொன்று வாங்கிக் கொடுத்தோம். பழைய கூகுள் கணக்கை அதன்கண் திறக்கப் புகுந்தபொழுது கடவுச்சொல் கேட்கப்பட்டது. அப்பத்தாவுக்குத் தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை. முதற் கைபேசியை வாங்கிய கடையில் இருந்த இளைஞர் ஒருவர், உதவி செய்யும் எண்ணத்தோடு தாமே ஒரு சொல்லை இட்டு, மீட்புக்குரிய எண்ணாகக் கடையின் எண்ணையே கொடுத்திருந்தார். ஆண்டுகள் பல கடந்தமையால் அவர்க்கும் அச்சொல் நினைவில் இல்லை. அந்த எண்ணும் வழக்கொழிந்தது. கணக்கினுள்ளோ, கர்த்தருக்குள் நித்திரையடைந்த எம் பாட்டனாரின் படங்களும், உறவினர் அனைவருடைய எண்களும் இருந்தன.

நிகழ்ந்ததை யாம் விளக்கிச் சொன்னபொழுது அப்பத்தா, "ஏந் தம்பி, எம் பேருல இருக்கிற பொட்டிக்குச் சாவி இன்னொருத்தர் கையிலயா இருந்துச்சு?" என்று கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. மறதி மக்கட்கு இயல்பு, அது குற்றமன்று. தம் திறவுகோலைப் பிறர் கையில் விட்டிருத்தலே தீங்கு. கைநாட்டை விட்டுக் கையொப்பம் பெற்ற ஒருவர், கடவுச்சொல்லைப் பிறரிடம் விட்டமையால், தாம் அறியாமலே மீண்டும் கைநாட்டு நிலைக்குத் தள்ளப்பட்டார்.

கடவுச்சொல்லின் இயல்பு

காவலர்க்கு அடையாளச் சொல் கூறி உள்ளே புகும் வழக்கம் பழைமையானது. கணினிக்கு அது வந்தது 1960களில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரும் அவர்தம் துணைவரும், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை 1961இல் செய்துகாட்டினர். ஒருவர் கோப்பை மற்றொருவர் காணாதிருத்தற்பொருட்டு அம்முறையில் ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. அச்சொற்கள் இருந்தபடியே ஒரு பட்டியலில் வைக்கப்பட்டிருந்தமையால், ஒருகால் நேர்ந்த பிழையினால் அப்பட்டியல் முழுவதும் கணினியுள் நுழைந்தார் அனைவர்க்கும் வெளிப்பட்டுவிட்டதாம்.

ஆகலின் அறிஞர் வேறு வழி கண்டனர். அரிசியை அரைத்து மாவாக்கலாம். மாவை மீண்டும் அரிசியாக்குதல் இயலாது. அதுபோல, நாம் இடும் சொல்லை ஒரு கணித முறையால் அரைத்து, அம்மாவை மட்டுமே நிறுவனத்தார் காத்து வைப்பர். நாம் அடுத்தமுறை சொல்லை எழுதும்பொழுது, அதனையும் அங்ஙனமே அரைத்து, இரண்டு மாவும் ஒத்திருப்பின் கதவைத் திறப்பர். ஒரே சொல்லை இருவர் வைத்திருப்பினும் மாவு வேறுபடுதற்பொருட்டு, ஒவ்வொன்றிலும் தற்செயலான சில எழுத்துக்களைக் கலப்பர். 1979இல் இராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை இம்முறையை விளக்கிற்று. அக்கலப்புக்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு என்பதே. மாவும் உப்பும் நம் அடுக்களைப் பொருள்களாதலின், இவ்வுண்மையை அப்பத்தாவுக்கு விளக்குதல் எமக்கு எளிதாயிற்று.

இதனாற் பெறப்படுவது யாது? மறந்த சொல்லைத் திருப்பிச் சொல்லுமாறு நிறுவனத்தாரை வேண்டுதல் பயனற்றது. முறையாக நடக்கும் நிறுவனத்தில் அச்சொல் அவர்களிடமே இல்லை. மீட்பு என்பது பழைய சொல்லைப் பெறுதலன்று. இக்கணக்கு எம்முடையதே என்று மெய்ப்பித்துப் புதிய சொல்லை இடுதலாம். மெய்ப்பித்தற்குச் சான்று வேண்டும். சான்று முன்னரே வைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

மறந்தவிடத்துச் செய்யத்தக்கன

முதலாவது, மறந்தது எந்தப் பூட்டின் திறவுகோல் என்று தெளிதல் வேண்டும். ஒரு கைபேசியில் பூட்டுக்கள் பல. திரையைத் திறக்கும் எண் அல்லது கோலம் ஒன்று; கூகுள் முதலிய கணக்கின் கடவுச்சொல் மற்றொன்று; பணம் அனுப்பும் யுபிஐ முறைக்குரிய இரகசிய எண் பிறிதொன்று. இவற்றுள் யுபிஐ எண் மறந்தால், வங்கி அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களையும் அதன் காலாவதியையும் கொண்டு புதிதாக அமைத்துக்கொள்ளலாம். திரையின் எண்ணை மறந்தால், பெரும்பாலும் கைபேசியிலுள்ளவற்றை முற்றும் அழித்தே திறக்க நேரும். அங்ஙனம் அழித்தாலும், 2015இல் வந்த ஆண்டிராய்டு 5.1 பதிப்புத் தொட்டு, பழைய கணக்கின் கடவுச்சொல்லோ திரைப்பூட்டோ மீண்டும் கேட்கப்படும். திருடியவன் அழித்துப் பயன்படுத்தாதிருத்தற்கு அமைந்த காவல் அது. ஆகையால் கடவுச்சொல்லும் தெரியாதார் கைபேசியை அழிக்க முந்துதல் பெரும் பிழை.

இரண்டாவது, அக்கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் வேறு கருவி உண்டோ என்று தேடுக. பழைய கைபேசி, கணினி, மகன் மகள் கைபேசி யாதாயினும் ஆகுக. கூகுள் அக்கருவிக்கு, மீட்க முயல்பவர் நீர்தாமோ என்று ஒரு வினா விடுக்கும். ஆம் என்று தொட்டால் வழி திறக்கும். அன்றியும், கருவி தானே கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருத்தலும் உண்டு.

மூன்றாவது, கடவுச்சொல் மறந்துவிட்டதா என்னும் வரியைத் தொட்டு, கேட்கும் வினாக்கட்கு இயன்றவரை விடை தருக. நினைவிலுள்ள பழைய கடவுச்சொல் ஒன்றைக் கேட்பின், அதனை எழுதுக. வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயலுதல் நலம். வேற்றூரிலிருந்து புதிய கருவியால் முயல்வார்மேல் ஐயம் மிகும். அனுப்பிய குறியெண் வரவில்லையென்று கலங்குமுன், மின்னஞ்சலின் வேண்டாதன தங்கும் பகுதியையும் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, பொருள் கொடுத்து எவரிடமும் மீட்பை வேண்டாதொழிக. கடவுச்சொல் மீட்டுத் தருவோம் எனக் கூறும் எத்தனியார் சேவையோடும் தமக்குத் தொடர்பில்லை என்று கூகுள் நிறுவனமே அறிவித்துள்ளது. ஓடிபி என்று வழங்கும் ஒருமுறைக் குறியெண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும், வங்கியார் என்று தம்மைக் கூறிக்கொள்வாராயினும், அதனைச் சொல்லலாகாது. ஏமாற்றத்தால் பணம் இழந்தோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுதல் வேண்டும்.

இவையனைத்தும் செய்தும் சில கணக்குகள் மீளா. அதனையும் மறைக்காமற் கூறுதல் கடமை. அந்நிலையில் புதிய கணக்கைத் தொடங்கி, வங்கிக்கும் பள்ளிக்கும் பிறவற்றிற்கும் புதிய முகவரியை உடனே தெரிவித்தல் அறிவுடைமை.

முன்னரே செய்துவைக்கத்தக்கன

மீட்புக்குரிய தொலைபேசி எண் தம்முடையதாகவே இருத்தல் வேண்டும். அந்தச் சிம் வழக்கற்றுப் போகாது காத்தலும் வேண்டும். நிறுத்தப்பட்ட எண் 90 நாள் கழியுமுன் பிறர்க்கு வழங்கப்படாது என்பது நம் நாட்டு விதி, அதன்பின் வழங்கப்படலாம். அஃதாவது, நம் மீட்புக் குறியெண் ஒருநாள் முன்பின் அறியாதார் கைபேசியிற் போய் ஒலிக்கக் கூடும். இரண்டாண்டு தொடப்பெறாத கணக்குகளை அழிக்கும் முறையையும் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆதலால் இடையிடையே கணக்கைத் திறந்து பார்த்தல் நன்று.

இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டார்க்கு எட்டு இலக்கமுள்ள பத்துக் காப்புக் குறியெண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படும். அவற்றைத் தாளில் எழுதி வீட்டிற் பத்திரப்படுத்துக. எழுதிவைத்தல் தவறென்பர் சிலர். தொலைநாட்டிலிருந்து கணக்கைத் திருட முயல்வான் நம் டிரங்குப் பெட்டியைத் திறக்க மாட்டான். எம் வீட்டில் குடும்ப வேதாகமத்தின் இடையே ஞானஸ்நானச் சீட்டோடு அத்தாள் இருக்கின்றது. வங்கி அட்டையின் உறைமேலும் கைபேசியின் பின்புறத்திலும் எழுதி ஒட்டுவதே தவறு.

கடவுச்சொல் எங்ஙனம் இருத்தல் வேண்டும்? நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வகையே உண்டு. எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துக்கட்கு 20,882 கோடிக்கு மேற்பட்ட வகை உண்டு. எழுத்தொன்று கூடுந்தோறும் அத்தொகை 26 மடங்கு பெருகும். எனவே நீளமே வலிமை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் முன்னர், சின்னங்களையும் இலக்கங்களையும் கலக்குமாறும் அடிக்கடி மாற்றுமாறும் அறிவுறுத்தியது. மக்கள் அவற்றை மறந்தனர். அன்றேல் எளிதில் ஊகிக்கத்தக்க மாற்றங்களையே செய்தனர். 2017இல் அந்நிறுவனம் தன் கருத்தை மாற்றி, நீண்ட சொற்றொடரே நன்றென்றும், காரணமின்றி அடிக்கடி மாற்ற வேண்டா என்றும் கூறியது. ஆகவே தம்முள் தொடர்பற்ற நான்கு சொற்களை, உலக்கை, மின்மினி, சந்தை, ஏணி என்றாற்போல், அடுக்கிக்கொள்ளலாம். இங்கு அச்சேறியமையால் இந்நான்கும் இனி எவர்க்கும் உதவா.

எழுத்தென்னும் வாயில்

இவ்விடத்தில் தமிழ் பயிலும் எமக்கு ஒரு குறை உண்டு. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைத் தமிழெழுத்தில் அமைக்க இயலாது. ஆங்கில எழுத்தும் இலக்கமும் சில குறிகளுமே அதன்கண் ஏற்கப்படும். கைபேசியின் திரை தமிழிற் பேசும். செய்தியைத் தமிழில் எழுதலாம். வாயிலில் மட்டும் தமிழ் செல்லாது.

திருமறையின் நியாயாதிபதிகள் ஆகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியை நம்மிற் பலர் அறிவர். யோர்தானின் துறைகளைக் காத்த கிலேயாத்தியர், கடந்து செல்வார் ஒவ்வொருவரையும் ஷிபோலேத் என்று சொல்லப் பணித்தனர். எப்பிராயீமர் நாவில் அம்முதலொலி வரவில்லை, சிபோலேத் என்றனர். அந்த ஓரெழுத்தால் 42,000 பேர் மடிந்தனர் என்கின்றது அவ்வரலாறு. இன்றைய வாயில் எவரையும் கொல்லுவதன்று. எனினும், ஓரெழுத்தை அறியாமையால் தம் பொருளுக்கே அயலாராகி நிற்பார் நம் ஊர்களில் பலர். அறிவொளியில் அ, ஆ கற்றுக் கைநாட்டை ஒழித்த தாய்மார், ஆங்கில எழுத்தறியாமையால் கடவுச்சொல்லைக் கடைக்காரரிடமும் பேரனிடமும் ஒப்படைக்கின்றனர். மேற்கூறிய 2017ஆம் ஆண்டு அறிவுரையே, எல்லா மொழி எழுத்துக்களையும் கடவுச்சொல்லில் ஏற்றல் நன்று என்கின்றது. ஆகவே இக்குறை நீக்கக் கூடியதே. நீக்குமாறு தமிழர் கேட்டல் வேண்டும்.

கடவுச்சொல்லே வேண்டாத முறை ஒன்றையும் கூகுள் 2023 மே மாதத்திற் கொணர்ந்தது. பாஸ்கீ எனப்படும் அம்முறையில், மறைகோல் கைபேசியிற் சேமிக்கப்படும். விரலை வைத்தால் அது திறக்கும். விரல் மீண்டும் வந்ததே, இதுவும் கைநாட்டன்றோ எனின், அன்று. பழைய கைநாட்டு, எழுதியதைப் படிக்க மாட்டாதார் பிறர் எழுதியதற்குக் கீழ் வைத்த அடையாளம். இவ்விரலோ தம் பெட்டியைத் தாமே திறக்கும் விரல். அதன் ரேகையும் கைபேசியை விட்டு வெளிச் செல்லாது. ஆயினும் கல்லுடைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி எப்பொழுதும் கண்டுகொள்வதில்லை. நியாயவிலைக் கடையில் அப்பத்தா மூன்று நான்கு முறை விரலைத் துடைத்து வைப்பதை யாம் கண்டிருக்கின்றோம். ஆகலின் நெஞ்சில் நிற்கும் சொல் ஒன்றும் அவர்க்கு வேண்டும்.

முடிவுரை

எம் கதையின் முடிவு இது. இரண்டாம் வழியை நினைந்து, உடைந்த பழைய கைபேசியைத் தேடி எடுத்து மின்னேற்றினோம். நெடுநேரம் கழித்து அஃது ஒளிர்ந்தது. திரையின் கீழ்ப்பாதி மட்டுமே தொடுதலுக்கு இசைந்தது. அது போதுமானதாயிற்று. நீர்தாமோ என்ற வினா தோன்றவும், அப்பத்தா தம் விரலாலேயே ஆம் என்பதைத் தொட்டார். அன்றிரவு யாம் ஒரு கடவுச்சொல்லை இட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தோம். பாட்டனாரின் படங்கள் ஒவ்வொன்றாய் வந்தன.

அப்பத்தாவுக்கு அது மனநிறைவு தரவில்லை. "இப்பச் சாவி உங்கிட்ட இருக்கு, அம்புட்டுத்தான வித்தியாசம்?" என்றார். உண்மைதானே! மறுநாள் மாலைமுதல் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினோம். அவர் தாம் விரும்பிய சொற்களை எமக்குச் சொல்லாமல், இந்த ஒலிக்கு எவ்வெழுத்து, அந்த ஒலிக்கு எவ்வெழுத்து என்று மட்டும் கேட்டார். ஒன்பதாம் நாள் மாலையில் கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "திரும்பிக்க தம்பி" என்றார். யாம் சுவரை நோக்கித் திரும்பி நின்றோம். எழுத்தெழுத்தாய்த் தொடும் ஓசை கேட்டது, ஒருமுறை தவறியது, மீண்டும் தொடங்கினார், முடித்தார். அச்சொல் யாதென்று இன்றளவும் எமக்குத் தெரியாது.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் கைபேசியில் யாவற்றையும் விரைவிற் செய்து கொடுத்துவிட்டு, அவர்தம் திறவுகோலை நம் பையிற் போட்டுக்கொண்டு திரும்புகின்றோம். அதனை உதவி என்றும் எண்ணுகின்றோம். 1991இல் அறிவொளித் தொண்டர்கள் அங்ஙனம் செய்தாரல்லர். தாமே கையெழுத்திட்டுக் கொடுக்காமல், கையெழுத்திடக் கற்பித்தனர். இவ்விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒருவர்க்கேனும், மீட்பு எண்ணைச் சரிபார்த்து, காப்புக் குறியெண்ணைத் தாளில் எழுதிவைத்து, கடவுச்சொல்லைத் தாமே அமைக்கக் கற்பித்து, அமைக்கும்பொழுது திரும்பி நிற்போமாக.